மூச்சு விடும் பெட்டி

மார்ச் 2

சரக்குக் கூடத்து அம்மணிக்கு,

ஆறு வருடம் கழித்து உன் அண்ணன் எழுதுகிறேன். மயங்கி விழுந்துவிடாதே. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் நம் தோட்டத்து வழியாக விமான நிலையத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுத மனம் வந்தால் அவரிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். குளிர்நாடு ஒன்றில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் சங்கம் இருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் அவர்களுடைய தேனீக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துவிட்டன. ஏப்ரலில் மரங்கள் பூக்கும்போது மகரந்தம் சேர்க்கத் தேனீ இல்லாவிட்டால் அந்த வருடம் காய்ப்பே இல்லை. உலகம் முழுக்கத் தேடி, கடைசியில் என்னிடம் வந்திருக்கிறார்கள். நூற்றிருபது பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு ராணியும் பத்தாயிரம் ஈயும். அப்பா நாற்பது கூடுகளை வைத்துக்கொண்டு பொழுதுபோக்கிய இடம் இது. இன்று முந்நூறு கூடுகள் இருக்கின்றன. இந்த அனுப்பல் நன்றாகப் போய்ச் சேர்ந்தால் வருடா வருடம் கேட்பார்கள். போகாவிட்டால் பாதிக் கூடுகளையாவது விற்க வேண்டிவரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதில் அனுப்புவது என்று நானே முடிவு செய்துவிட்டேன். மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்தும் வெள்ளி நிறக் குளிர்பதனப் பெட்டகம் இரண்டு. விளம்பரப் புத்தகத்தில் படம் பார்த்தேன், அலமாரி மாதிரி கம்பீரமாக இருக்கிறது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் கூடத்தில் சரக்கை வாங்கி வைக்கிற மேசையில் நீ இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் பெட்டகங்கள் வரும்போது வரிசையில் காக்க வைக்காமல் முதலில் ஏற்றிவிடு. மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிற வேலையானாலும் வீட்டுக்கு ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்.

அண்ணன்


மார்ச் 5

மேனேஜர் அண்ணன் அவர்களுக்கு,

வங்கியை விட்டு ஆறு வருடமாகியும் எழுத்தில் இன்னும் மேனேஜர் வாடை போகவில்லை. ‘நீங்கள்’ என்று எழுதுகிறேன். மரியாதை என்று நினைக்க வேண்டாம். ‘நீ’ என்று சொல்ல ஒரு நெருக்கம் வேண்டும்.

நான் ஒட்டுவது சீட்டு இல்லை. உயிருள்ள சரக்கு எது வந்தாலும், விமானத்தில் ஏறத் தகுதியான பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குதிரையும் பார்த்திருக்கிறேன், கோழிக்குஞ்சும் பார்த்திருக்கிறேன். தேனீயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீங்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பதினேழு வருடமும் அப்பாவோடு அவற்றுக்கு நடுவில் நின்றவள் நான். அப்பா போன மறு வாரம் ராஜினாமா செய்துவிட்டு வந்து இறங்கினீர்கள். “இனிமே இதைத் தொழிலா நடத்தணும். உனக்கு அதெல்லாம் புரியாது. நீ தேன் பாட்டிலைக் கழுவிக் கொடு, போதும்” என்றீர்கள். பாட்டிலைக் கழுவ வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெட்டகம் ஊசிமருந்துக்காகச் செய்தது. ஊசிமருந்து மூச்சு விடாது. கதவைச் சாத்தினால் காற்று உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. போதாததற்கு அதைக் குளிர வைப்பது டிரை ஐஸ். அது கரையக் கரைய வெளிவருகிற வாயு, உயிருள்ள எதையும் சத்தமில்லாமல் சாகடிக்கும். கூட்டமாக இருக்கும் தேனீ தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதற்குக் குளிரைப் பற்றிக் கவலை இல்லை, புழுக்கம்தான் எமன்.

வேண்டியது இது. லேசான மரச்சட்டம் போட்ட பெட்டி, இரண்டு பக்கமும் முழுக்கக் கம்பிவலை. உள்ளே சர்க்கரைப்பாகு வைத்த டப்பா ஒன்று, ராணிக்குச் சின்னக் கூண்டு ஒன்று. ஐந்து ஐந்து பெட்டியாக இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டுக் குச்சி அடித்துச் சேர்க்க வேண்டும். அப்படியே சரக்குத் தட்டில் அடுக்கி, மேலே கயிற்றுவலை போட வேண்டும். பிளாஸ்டிக் தாள் ஒரு சாண்கூட வேண்டாம். படம் எடுத்தால் கம்பீரமாக இருக்காது. உயிரோடு இருக்கும்.

வரிசையில் யாரையும் முந்தவிட மாட்டேன்.

தங்கை


மார்ச் 7

தங்கச்சி,

உன் பாடத்தைப் படித்தேன். கத்தரிக்காய்க் கூடை மாதிரி ஒன்றில் என் ராணிகளை அனுப்பச் சொல்கிறாய். வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? திறந்ததும் சிரிக்க மாட்டார்களா?

ஏஜென்ட் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். எந்நேரமும் கோட்டு போட்டிருப்பார். அண்ணி அவருக்குக் கோட்டுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டாள். இருபது வருட அனுபவம். உன் கடிதத்தைக் காட்டினேன். “சார், கவுண்டர்ல உக்கார்ந்திருக்கிறவங்க எல்லாருமே தங்களைப் பைலட்டுன்னு நினைச்சுக்குவாங்க” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

பெட்டிகளை ஒட்டுப்பலகையில் செய்யச் சொல்லிவிட்டேன். உன் திருப்திக்காக ஒவ்வொன்றிலும் நூறு ஆணித்துளை. பெட்டகத்தில் மாற்றமில்லை. பதின்மூன்றாம் தேதி காலை வருகிறோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வேலையைப் பார்.

அண்ணன்


மார்ச் 13

அடிப்பாவி,

நடந்ததை நீயே ஒரு முறை படித்துப் பார்.

இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. ஆறு வருடம் கழித்து அண்ணனைப் பார்க்கிறவள் நீ. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து என்ன கேட்டாய்? “அனுப்புறவர் யாரு?” என்று கேட்டாய். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. பெட்டகக் கதவைத் திறக்கச் சொன்னாய். உள்ளே பார்த்தாய். பேனாவை மூடினாய்.

“இது ஏறாது” என்றாய்.

“ஏம்மா ஏறாது?” என்றார் கோட்டுக்காரர்.

“உள்ள இருக்கிறது உயிரோட இருக்கே, அதனாலதான்” என்றாய்.

பின்னால் நின்ற லாரி டிரைவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அதற்காகத்தானே சொன்னாய்? ஆறு வருடமாக அந்த ஒரு வரியை வாயில் ஊறப்போட்டு வைத்திருந்தாயா?

உன் மேலதிகாரியைப் பார்த்து எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். குடும்பப் பகையை மனதில் வைத்துக்கொண்டு நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பினாள் என்று எழுதியிருக்கிறேன். உன்னைக் குளவி என்று சின்ன வயதிலேயே கூப்பிட்டேன். தப்பாகக் கூப்பிடவில்லை.

என் சரக்கு போகும். உன் மேசை ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறதா?

உன் அண்ணன் என்று எழுத மனமில்லை


மார்ச் 14

ஐயா,

நேற்று மாலையே என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை ஏப்ரல் இரண்டாம் தேதி. தங்கள் கையெழுத்து அழகாக இருப்பதாக மேலதிகாரி சொன்னார்.

குளவி


மார்ச் 24

தங்கச்சி,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

எல்லாம் போய்விட்டன. நூற்றிருபது பெட்டியும்.

அன்று மாலை பெட்டிகளைப் பெட்டகத்திலிருந்து வெளியே எடுத்துக் கோட்டுக்காரருடைய கிடங்கில் அடுக்கினோம். மறுநாள் காலை திரும்பப் பெட்டகத்தில் வைத்துக் கதவைச் சாத்தி, உங்களுக்குப் பக்கத்துச் சரக்குக் கூடத்தின் வழியாக, வேறொரு விமானத்தில் ஏற்றிவிட்டார். அங்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கை குலுக்கினோம். பதினாறாம் தேதி சங்கத்துக்காரர்கள் பெட்டகத்தைத் திறந்திருக்கிறார்கள். படம் அனுப்பினார்கள். நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அண்ணி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சந்தோஷப்படு. உனக்குத் தகுந்த செய்திதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். வழியில் ஒரு விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். கோட்டுக்காரர் சொல்கிறார். அப்படியானால் இது விமானக் கம்பெனியின் தவறுதானே? பெட்டகத்தின் தவறு இல்லையே? ஈக்கள் ஈரமாக இருந்தனவாம். பாகு கொட்டியிருக்குமோ?

அண்ணன்


மார்ச் 26

மேனேஜர் அண்ணன் அவர்களுக்கு,

பாகு கொட்டவில்லை. வெயிலும் இல்லை. ஒன்பது மணி நேரமும் இல்லை. கதை கட்டுவதற்குக்கூடக் கோட்டு போட்ட ஆள் ஒருவர் உங்களுக்குத் தேவைப்படுகிறார்.

மூடின இடத்தில் காற்று கெட்டதும் தேனீக்கள் என்ன செய்யும் தெரியுமா? எல்லாம் சேர்ந்து இறக்கையை அடித்து விசிறும். விசிறினால் சூடு கூடும், டிரை ஐஸின் குளிர் அதற்கு ஈடு கொடுக்காது. சூடு கூடியதும் வயிற்றிலிருக்கும் பாகையெல்லாம் வெளியே கக்கி, அதைப் பூசிக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கப் பார்க்கும். அந்த ஈரம்தான் நீங்கள் சொல்வது. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, கீழ் வரிசையிலிருந்து மேலாகச் செத்திருக்கும். கதவைச் சாத்தின ஏழெட்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும். விமானம் கிளம்புவதற்கு முன்பே பாதி போயிருக்கும். நீங்கள் கை குலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆறு வருடம் தேனீ வளர்க்கிறீர்கள். ஒரு நாளாவது கூட்டின் பக்கத்தில் சும்மா நின்று பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

பக்கத்துக் கூடத்தில் ஏன் கேள்வி கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் காகிதத்தில் தேனீ என்று எழுதவில்லை. வேறு ஏதோ எழுதினீர்கள். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. விசாரணையில் கேட்டால் நீங்கள் சொல்லப்போவதும் இல்லை. சொன்னால் உங்கள் பெயர் போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். உங்களைத் தெரிந்தவள் நான், எதிர்பார்ப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

தங்கை


ஏப்ரல் 3

தங்கச்சி,

நேற்று நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் உள்ளே போனதைப் பார்த்தாய், தலையைத் திருப்பிக்கொண்டாய். உள்ளே என்ன நடந்தது என்று யாராவது தப்பும் தவறுமாகச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாள் வரை போவதா வேண்டாமா என்றுதான் இருந்தேன். சாப்பிடும்போது அண்ணி கேட்டாள். “உங்க தங்கச்சிக்கு வேலை போனாலும் பரவாயில்ல, நம்ம பேரு நிக்கட்டும்னு இருக்கீங்களா?” நான் மோரை ஊற்றிக்கொண்டேன். “அப்படின்னா அதை வாயைத் திறந்து சொல்லுங்க. யாரோட குடும்பம் நடத்துறேன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்” என்றாள். கையைக் கழுவிவிட்டுப் போய் உன் கடிதங்களைத் தேடி எடுத்தேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார், “உங்க புகார்ல எழுதினது எல்லாம் உண்மைதானே?”

“கையெழுத்து மட்டும் உண்மை” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உன் ஐந்தாம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சத்தமாகப் படித்தார். ‘ஊசிமருந்து மூச்சு விடாது’ என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மற்ற இருவரும் அந்தத் தாளை வாங்கிப் படித்தார்கள். ஒரு வாரம் முன்பே எச்சரித்தும் கேட்காதவன் நான் என்று என் வாயால் சொன்னேன். பக்கத்துக் கூடத்தில் கொடுத்த காகிதத்தில் கோட்டுக்காரர் ‘தேன்கூட்டுப் பலகைகள்’ என்று எழுதினார், தெரிந்தே நான் கையெழுத்துப் போட்டேன் என்றும் சொன்னேன்.

“இது உங்களுக்குத்தான் பாதகமா முடியும், தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும். ஆனா தேனீயைப் பத்தி அவ சொன்னதுதான் சரி” என்றேன்.

சங்கத்துக்கும் இதையே எழுதிவிட்டேன். இனி என்னைச் சீண்ட மாட்டார்கள். இதற்காக நீ உருகி ஓட வேண்டாம். நீ கவுண்டரில் சிரிக்க வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

இன்று காலை திரும்பவும் வேலையில் சேர்ந்தேன். மேலதிகாரி கை கொடுத்தார். சக ஊழியர்கள் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். குடிக்கவே முடியவில்லை. ஏன் என்று உனக்கு எழுதுகிறேன். ‘நீங்கள்’ போட்டு இதை எழுத வராது.

பதின்மூன்றாம் தேதி மாலை, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று நான் வெளியே வந்தபோது லாரிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உன் கடிதத்தைக் கொடுத்தார். “அக்கா, உங்க அண்ணன் சரக்கு அந்தக் கோட்டுக்காரர் கிடங்குலதான் இருக்கு. நாளைக்குக் காலையில பக்கத்துக் கூடத்துல ஏத்துறாங்களாம். தேனீன்னு சொல்ல மாட்டாங்களாம்” என்றார். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அண்ணா. ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்தது. பக்கத்துக் கூடத்தில் என் மேசைக்குச் சமமான மேசையில் இருப்பவள் என்னோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவள். அவளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

போடவில்லை.

மறந்துபோகவில்லை. பயந்தும் இல்லை. போனைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். போகட்டும், திறந்து பார்க்கட்டும், அப்போது தெரியும் யாருக்கு என்ன புரியாது என்று, இப்படித்தான் நினைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன். அதுதான் இப்போது தாங்க முடியவில்லை.

இருபத்தாறாம் தேதி உனக்கு எழுதினேனே, அவை எப்படிச் செத்திருக்கும் என்று வரிசை வரிசையாக. அவ்வளவு துல்லியமாக எழுத முடிந்ததற்குக் காரணம், பதினான்காம் தேதி காலையிலிருந்து மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது விசிறும், இப்போது கக்கும் என்று.

அலுவலகத்தில் சொல்ல இதில் குற்றம் ஒன்றும் இல்லை. விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் உன்னிடம் சொல்கிறேன். இனி உன்னைக் கேவலமாகப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

தங்கை


ஏப்ரல் 7

தங்கச்சி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன்னைத் தேடி வந்து நாலு அறை விடலாம் போலிருந்தது. இரண்டாம் தடவை ஒருவிதச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத நாலு நாளாக முக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கஷ்டத்தை நீ மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டாய்.

கொன்றவன் நான். தெரிந்தும் கதவைத் திறக்காதவள் நீ. அப்பா இருந்திருந்தால் நம் இரண்டு பேரையும் தேனீப் பக்கமே விட்டிருக்க மாட்டார். உன்னைத் தேற்ற எனக்குத் தெரியாது, வராததை முயற்சி செய்யப்போவதும் இல்லை. ஆனால் யோக்கியதை இல்லை என்று நீ ஒதுங்கிக்கொள்வது வசதியான வேலை. அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் சங்கத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. என்னைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள், நியாயம்தான். கடைசியில் ஒரு வரி. அங்கே குளிர் நீடிப்பதால் பூப்பது பத்து நாள் தள்ளிப்போகிறதாம். நாற்பது பெட்டியாவது உயிரோடு வந்தால் தோட்டத்தில் ஒரு பக்கத்தைக் காப்பாற்றலாமாம். ‘அன்று சரக்கைத் திருப்பி அனுப்பியவர் பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும் அனுப்புங்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் கேட்டேன். ஏஜென்ட் இல்லாமல் நானே நேரில் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார்களாம்.

உன் மார்ச் ஐந்தாம் தேதிக் கடிதத்தின் நகல் ஒன்று தச்சர் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. கம்பிவலையை நானே அடிக்கிறேன். கட்டைவிரலில் இரண்டு இடத்தில் சுத்தியல் அடி. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே என் கை நுழைய வேண்டுமா, உன் கை நுழைய வேண்டுமா? நீ எழுதவில்லை. என்ன பாடம் சொல்கிறாயோ.

பதினொன்றாம் தேதி வருகிறேன். சலுகை கேட்கவில்லை. வரிசையில் நிற்பேன்.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

பெரிய கை நுழைய வேண்டும். இதைக்கூட எழுதிக் கேட்கிற ஆள் நீ ஒருவன்தான்.

அன்று மேசையில் உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. கோபம் இல்லை. ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து காதை வைத்துக் கேட்டேன். நன்றாக இருக்கும் கூட்டம் ஒரே சீராக முனகும், புழுங்கும் கூட்டம் இரையும். முப்பத்தெட்டு சீராக இருந்தது. இரண்டில் வலை ஓரம் பிய்ந்திருந்தது. அவற்றைக் குச்சியிலிருந்து பிரித்துத் தள்ளி வைத்தபோது நீ வாயைத் திறப்பாய் என்று நினைத்தேன். திறக்கவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு நகர்ந்தாய்.

என் வேலை மேசையோடு முடிகிறது. ஆனாலும் சரக்குத் தட்டின் கூடவே விமானம் வரைக்கும் நடந்தேன். மீன் அனுப்புகிறவர் ஒருவருடைய பெட்டிகளில் டிரை ஐஸ் இருந்தது. அவற்றை விமானத்தின் வேறு சரக்கறையில் ஏற்றச் சொன்னேன். ஏற்றுகிறவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

நேற்று இரவு சங்கத்திலிருந்து அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. முப்பத்தெட்டும் உயிரோடு இருக்கின்றன. தோட்டத்தில் கொண்டுபோய்த் திறந்தபோது வெளியே இன்னும் குளிராம். ஒரு மணி நேரம் ஒன்றும் கிளம்பவில்லையாம். பிறகு வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகப் பறந்ததாம்.

முப்பத்தெட்டை வைத்துக்கொண்டு நூற்றிருபதைச் சமன் செய்துவிட முடியாது. நீயும் செய்யாதே, நானும் செய்யவில்லை.

நீ திருப்பி எடுத்துப்போன அந்த இரண்டையும் இன்னும் பெட்டியிலேயே வைத்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. உடனே காலிக் கூட்டில் கொட்டு. ராணி அந்த ஈக்களுக்குப் புதியவள், கூண்டை மூன்று நாள் திறக்காதே, அவை அவளோடு பழகிக்கொள்ளட்டும். அவசரப்பட்டு மேனேஜர் வேலை காட்டினால் ஈக்கள் அவளைக் கொன்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. லாரிக்காரரோடு வருகிறேன். உன்னைப் பார்க்க என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ராணிகளைத் திறக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

தங்கை